மின்சாரக் காரின் உதறலும் வன்னிக் கராஜ்களும்

மின்சாரக் காரில் தீராத உதறல் பெரும்பாலும் சக்கரத்தில்தான் பிறக்கிறது. மோட்டாரில் பிறப்பது அரிது. பெற்றோல் காரிலும் அதே உதறல் உண்டு. அங்கே எஞ்சினின் இரைச்சலும் ஆட்டமும் அதை மூடிவிடுகின்றன. எஞ்சின் இல்லாத காரில் மூடுவதற்கு எதுவும் இல்லை. ரயரின் சிறு கோணலும் றிம்மின் சிறு நெளிவும் ஸ்ரேரிங்குக்கும் இருக்கைக்கும் நேரே வந்து சேர்கின்றன. புதுக் கார் வாங்கியவர் மோட்டாரைச் சந்தேகிக்கிறார், கராஜில் பாகம் பாகமாக மாற்றுகிறார்கள், மாதக்கணக்கில் குறை தீராமல் கிடக்கிறது.

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்கு முன்பு வன்னியில் மின்சாரக் கார் என்றால் எப்போதாவது கண்ணில் படும் நிசான் லீஃப்தான். அதன்பிறகு சீனத் தயாரிப்புகள் புதிதாகவே வந்து இறங்கத் தொடங்கின. ஏ9 வீதியோரக் கராஜ்களுக்கு இது புதுப் பாடம். ஆனால் அந்தக் கராஜ்களின் கைத்தொழில் புதியதல்ல.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றறியும் வன்னிக்குள் வர விடப்படவில்லை. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும், புகையும், இழுவை குறையும். எந்தத் தட்டல் எண்ணெயால் வருகிறது, எது தேய்ந்த பெயாரிங்கால் வருகிறது என்று காதாலும் கையாலும் பிரித்தறிய வேண்டியிருந்தது. உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் பாகத்தை மாற்றிப் பார்த்துக் குறை தேட முடியாது. முதலில் குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தலைமுறையிடம் தொழில் பழகியவர்கள் இன்றும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வேலை செய்கிறார்கள். மின்சாரக் காரின் உதறலுக்கு இந்தப் பழக்கம்தான் முதல் தேவை.

கிளிநொச்சியில் அப்படி ஒரு கராஜில், காரைத் தூக்குவதற்கு முன்பே கேள்வி வந்தது. “எப்ப உதறுது தம்பி? ஓடேக்கையா, இழுக்கேக்கையா, பிரேக் பிடிக்கேக்கையா?” கார்க்காரர், “அறுபதுக்கு மேல போனாத்தான் அண்ணை, ஸ்ரேரிங் கையில அடிக்குது” என்றார். இந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. வேகத்தோடு வருவது சக்கரத்தின் குறை. மிதிக்கும்போது மட்டும் வருவது ட்ரைவ் ஷாப்டின் குறை, அல்லது மோட்டாரைத் தாங்கும் மவுண்டிங்கின் குறை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஸ்ரேரிங்கில் அடித்தால் முன் சக்கரம், இருக்கையில் தெரிந்தால் பெரும்பாலும் பின் சக்கரம்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு கணக்கு காட்டிவிடும். சாதாரணக் காரின் ரயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2 மீற்றர் போகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது விநாடிக்கு 8 தடவைக்கு மேல் சுழலும். 70இல் 10 தடவை, 100இல் 14 தடவை. சக்கரமும் அதன் பிரேக்கும் சேர்ந்து, ரயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் தாமாகவே அதிர விரும்பும் அளவு விநாடிக்கு 10 முதல் 15 தடவை. இரண்டும் ஒத்துவரும் வேகத்தில், அதுவரை தெரியாமல் இருந்த சிறு குறை பெரிதாகிவிடுகிறது. இலங்கையில் ஊர்மனைக்கு வெளியே காருக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் 70. ஆகவே ஏ9இல் உதறல் தொடங்கும். அதிவேகப் பாதையில் 100இல் அது முழுதாக வெளிவரும். கொழும்பு நெரிசலில் 40இல் ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. முகவரின் கராஜிலிருந்து “குறை எதுவும் இல்லை” என்ற பதிலோடு கார் திரும்பி வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, வழியில் பற்றறிக்கு மின்னேற்றிக்கொண்டு போனவருக்கு அந்தப் பதில் எவ்வளவு கசக்கும்! எந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள் என்று எழுதித் தரக் கேட்பது கார்க்காரரின் உரிமை.

மேலே சொன்ன கராஜில் முன் சக்கரத்தைக் கழற்றியதும் முதலில் செய்த வேலை, றிம்மின் உட்புறத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்ததுதான். மாரி மழையில் கிரவல் பாதைகள் சேறாகும். அந்தச் சிவப்புச் சேறு அலோய் றிம்மின் உள்வளைவில் அப்பி, வெயிலில் காய்ந்து ஓடு போல் இறுகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் பளபளவென்றுதான் இருக்கும். பழைய திருப்புளியால் சுரண்டியபோது தகடு தகடாக விழுந்தது. ஒரு துண்டு உள்ளங்கை அகலம். 30 கிராம் சேறு ஓர் இடத்தில் ஒட்டியிருந்தாலே, 100 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறக்குறைய நாலரைக் கிலோ பாரத்தின் விசையோடு சக்கரத்தை ஒவ்வொரு சுற்றிலும் வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் இழுவை நாலில் ஒன்றாகக் குறையும். அதனால்தான் ஊருக்குள் ஓடும்போது தெரிவதில்லை. சேறு இருந்த றிம்மில் வீல் பலன்ஸ் செய்து ஈயம் ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். பிறகு ஒரு நாள் சேறு உதிரும்போது, பலன்ஸ் செய்த சக்கரமே உதறத் தொடங்கும். கழுவாத சக்கரத்தை இயந்திரத்தில் ஏற்றக்கூடாது என்று அந்தக் கராஜ்காரர் பிடிவாதமாக நின்றது முழுக்கச் சரி.

பலன்ஸ் இயந்திரம் பூச்சியம் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சக்கரம் இயந்திரத்தின் தண்டில் நடுவாக அமரவில்லை என்றால் அந்தப் பூச்சியம் பொய். சோதிக்கும் வழி எளிது. நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழலவிட வேண்டும். பூச்சியம் மாறினால் முதல் அளவு பிழை. இரண்டு நிமிட வேலை. ஆனாலும் பெரும்பாலான ரயர் கடைகளில் இது நடப்பதில்லை. அடுத்து, இயந்திரம் பாரத்தைத்தான் அளக்கும், வட்டத்தை அளக்காது. ரயர் முட்டை வடிவில் இருந்தாலும் பாரம் சமமாக இருக்கலாம். சுழலும் ரயருக்கு அருகே ஒரு கம்பியை அசையாமல் பிடித்து இடைவெளியைப் பார்த்தால் ஏற்ற இறக்கம் கண்ணுக்கே தெரியும். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கினால் ரயரையும் றிம்மையும் தனித்தனியே பார்க்க வேண்டும். புது ரயர் பலவற்றின் பக்கச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். ரயர் உயர்ந்திருக்கும் இடம் அது. றிம்மின் தாழ்ந்த இடத்தோடு அதைப் பொருத்தினால் இரண்டு கோணலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

புதுக் காருக்கே உரிய குறை ஒன்றும் இருக்கிறது. கப்பலிலும் பிறகு துறைமுக முற்றத்திலும் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற காரின் ரயர், நிலத்தைத் தொடும் இடத்தில் தட்டையாகிவிடும். தரைக்கடியில் சில நூறு கிலோ பற்றறியைச் சுமக்கும் மின்சாரக் காரில் இந்த அழுத்தம் இன்னும் கூட. கொஞ்ச நாள் நின்றதால் வந்த தட்டை, ரயர் சூடேறும்வரை ஓடினால் சரியாகும். நீண்ட நாள் நின்று வந்தது போகாது. ரயரை மாற்றித்தான் ஆக வேண்டும். காற்றின் அளவையும் கவனிக்க வேண்டும். மின்சாரக் காருக்குப் பெரும்பாலும் கூடிய காற்று வேண்டும். வழக்கமாக எல்லாக் காருக்கும் அடிக்கும் அளவை விட்டு, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்க்க வேண்டும்.

மிதிக்கும்போது மட்டும் வரும் உதறல் வேறு வகை. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரும். அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ட்ரைவ் ஷாப்டின் உள்பக்க ஜொயின்டில் மூன்று உருளைகள் தடங்களில் வழுக்கி ஓடுகின்றன. தடம் தேய்ந்தாலோ கிறீஸ் வற்றினாலோ, வேகமெடுக்கும்போது கார் பக்கவாட்டில் நடுங்கும். டெஸ்லாவின் மொடல் எஸ், மொடல் எக்ஸ் கார்களில் முன் ட்ரைவ் ஷாப்டால் வரும் நடுக்கம் பல நாடுகளில் பேசப்பட்ட ஒன்று. சக்கரத்தையும் இதையும் பிரிக்க ஒரு வழி உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான வீதியில், உதறும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட வேண்டும். உதறல் அப்படியே தொடர்ந்தால் சக்கரம். நின்றுவிட்டால் ட்ரைவ் ஷாப்ட் அல்லது மவுண்டிங். பெற்றோல் காரில் கியரை மாற்றி எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்துப் பார்க்கலாம். பெரும்பாலான மின்சாரக் கார்களில் கியர் ஒன்றுதான். மோட்டாரும் சக்கரமும் எப்போதும் ஒரே விகிதத்தில் சுழல்வதால், இந்த நியூட்ரல் சோதனையைவிட எளிய வழி வேறில்லை.

பிரேக் விடயத்தில் மின்சாரக் காரின் நல்ல குணமே குறையாக மாறுகிறது. வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டார் எடுத்துக்கொண்டு மின்சாரத்தைப் பற்றறிக்குத் திருப்புகிறது. டிஸ்க் உரசுவதே குறைவு. முல்லைத்தீவின் உப்புக் காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் உரசாத டிஸ்க்கில் துரு ஒரே சீராக ஏறாது. டிஸ்க்கின் தடிப்பில் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசமே பிரேக் மிதியில் தெரிந்துவிடும். பின்னால் வாகனம் இல்லாத இடத்தில் இடைக்கிடை அழுத்திப் பிரேக் பிடித்து டிஸ்க்கைத் துடைத்துவிடுவது நல்ல பழக்கம். ரயர் கடையின் காற்றுத் துப்பாக்கியால் சக்கர நட்டை அளவுக்கு மீறி, ஒழுங்கில்லாமல் இறுக்குவதாலும் டிஸ்க் கோணலாகும். அளவு காட்டும் ஸ்பனரால், எதிரெதிர் நட்டாக மாறி மாறி இறுக்க வேண்டும்.

மோட்டார் எப்போது குற்றவாளி? மோட்டார் சக்கரத்தைவிட ஏறக்குறைய 8 முதல் 10 மடங்கு வேகமாகச் சுழல்கிறது. 70 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 சுற்று அளவில் இருக்கும். அதன் குறை கையை ஆட்டும் உதறலாக வராது. காதில் ரீங்காரமாகவும் பாதத்தில் கூச்சமாகவும் வரும். தேய்ந்த பெயாரிங் ஒரு காரணம். மோட்டாருக்கு மின்சாரம் தரும் இன்வேட்டரிலிருந்து கசியும் மின்னோட்டம் பெயாரிங்கின் பாதையில் நுண்ணிய குழிகளை அரித்துவிடுவதும் உண்டு. இந்த இடத்தில் ஊர்க் கராஜ் நிறுத்திக்கொள்ள வேண்டும். செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் 300 வோல்ற்றுக்கும் மேலான மின்சாரம் ஓடுகிறது. பயிற்சியும் கையுறையும் இல்லாமல் அதைத் தொடுவது உயிரோடு விளையாடுவது.

அந்தப் பயிற்சிக்கு வன்னியிலேயே இடம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இலிருந்து வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் அதே அறிவியல் நகரில்தான். வீதியோரத்தில் இருபது, முப்பது வருடம் கையால் குறை கண்டவர்களுக்கு மாலை வகுப்பாக உயர்மின் பாதுகாப்பும் கணினிச் சோதனையும் கற்பிக்கப்பட வேண்டும். இந்தத் தொழில் சான்றிதழ் உள்ள இளைஞர்களோடு நின்றுவிட்டால், பழைய கைகளின் அறிவு வீணாகும்.

அளப்பதற்குப் பெரிய கருவி இல்லாவிட்டாலும் கைத்தொலைபேசி போதும். அதிலுள்ள அசைவு உணரியைப் படிக்கும் இலவசச் செயலிகள் உண்டு. இருக்கைக்கு அருகே அசையாமல் வைத்து, ஒரே வேகத்தில் அரை நிமிடம் ஓட்டினால், விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று காட்டும். 70இல் 10ஐ ஒட்டி வந்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அடிக்கிறது. 20ஐ ஒட்டி வந்தால் சுற்றுக்கு இரண்டு தடவை. இரண்டாவது வகைக்கு முட்டை வடிவமான ரயரோ நெளிந்த றிம்மோ காரணமாகலாம். எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் அது போகாது. மோட்டாரின் வேகமான அதிர்வைத் தொலைபேசி சரியாகப் பிடிக்காது.

முன் சக்கரத்தைப் பின்னுக்கும் பின் சக்கரத்தை முன்னுக்கும் மாற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதும் பணமில்லாச் சோதனை. உதறல் இடம் மாறினால் குறை சக்கரத்தோடு போகிறது. மாறாவிட்டால் ஹப்பிலோ ஷாப்டிலோ இருக்கிறது. உத்தரவாதக் காலம் முடியாத காரில் இவற்றையெல்லாம் திகதி, வேகம், வீதி, ஆள் எண்ணிக்கை, ரயர்க் காற்று, அன்று செய்த வேலை என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்து, தொலைபேசி காட்டிய வரைபடத்தோடு முகவரிடம் கொடுக்க வேண்டும். பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். அதன் பிறகும் தீராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். அங்கே அந்தக் கொப்பியே சாட்சியாகும்.