பணம் கைமாறாத சந்தை: சில குறிப்புகள்

போட்டிச் சட்டத்தில் முதல் கேள்வி: விலை ஏறியதா?

வாட்ஸ்அப்புக்கு விலையே கிடையாது.

2014. ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தபோது சொன்ன தொகை 1,900 கோடி டாலர். அங்கே அப்போது வேலை பார்த்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. விற்றுமுதல் மிகச் சிறியது. ஐரோப்பிய ஆணையத்தின் விற்றுமுதல் வரம்பை அது எட்டவே இல்லை. பல நாடுகளில் தனித்தனியாக விசாரணை வருமே என்று ஃபேஸ்புக்கே ஆணையத்திடம் போனது. அக்டோபரில் அனுமதி.

இரண்டு சேவைகளின் கணக்குகளையும் தானாகப் பொருத்த நம்பகமான வழி இல்லை என்று அப்போது ஃபேஸ்புக் சொன்னது. 2016 ஆகஸ்டில் வாட்ஸ்அப் எண்ணை ஃபேஸ்புக் கணக்கோடு இணைக்க வழி வந்தது. 2017 மே மாதம், தவறான தகவல் தந்ததற்காக 11 கோடி யூரோ அபராதம்.

அனுமதி அப்படியே இருந்தது.

மெடிக்கல் ஷாப் பலகை. பெயருக்குக் கீழே வாட்ஸ்அப்பின் பச்சை வட்டம், பத்து இலக்கம். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் மாத்திரையை எடுத்து வைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் தையல் கடை, அதிலும் பச்சை வட்டம். ஜாக்கெட் டிசைன் அதில்தான் போகிறது.

கடைக்காரர் வேறு ஆப்புக்குப் போகமாட்டார், வாடிக்கையாளர்கள் அங்கே இல்லை. வாடிக்கையாளர்கள் போகமாட்டார்கள், கடை அங்கே இல்லை.

2021 ஜனவரி. வாட்ஸ்அப் திரையில் புது விதிமுறை, ஏற்கச் சொல்லி ஒரு பொத்தான். 2016-இல் விளம்பரத்துக்காகத் தரவை ஃபேஸ்புக்கோடு பகிர வேண்டாம் என்று சொல்ல 30 நாள் கிடைத்தது. இந்த முறை அது இல்லை. கெடு முதலில் பிப்ரவரி 8, பிறகு மே 15. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம். ஐரோப்பியர்களுக்கு வேறு ஏற்பாடு.

அந்த வாரம் சிக்னல் ஆப்பை இறக்கியவர்கள் ஏராளம். அப்பார்ட்மென்ட் குரூப் நகரவில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது அதில்தான் வரும்.

என்க்ரிப்ஷன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மெசேஜ் பூட்டித்தான் போகிறது. எந்த எண், எந்த போன், எந்தக் கடையோடு பேச்சு: அது வேறு கணக்கு.

இந்தியப் போட்டி ஆணையம் 2017-இல் வாட்ஸ்அப் மீதான ஒரு புகாரைத் தள்ளியது. 2021-இல் அந்தப் புது விதிமுறையைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. நடுவில் சட்டம் மாறவில்லை. பார்வை மாறியிருக்கிறது. நல்லது.

ஜெர்மனியின் போட்டி ஆணையம், 2019 பிப்ரவரி. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், பிற தளங்கள் என்று எங்கெங்கோ எடுத்ததைத் தானாக முன்வந்து தந்த சம்மதம் இல்லாமல் ஒன்றாகச் சேர்ப்பது ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்றது. அந்தரங்கம் உங்கள் வேலை இல்லை என்று எதிர்வாதம். 2023 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம்: போட்டி ஆணையம் அதையும் பார்க்கலாம்.

வேறு போக்கிடம் இல்லாதவரிடம் வாங்கிய சம்மதம். இதை எந்த மேஜை பார்ப்பது, போட்டியா அந்தரங்கமா? இரண்டும் பார்க்கட்டும் என்பேன்.

தேடல். கூகுள் மீதான வழக்கில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தாவின் 2024 ஆகஸ்ட் தீர்ப்பில் ஒரு கணக்கு: 13 மாதத்தில் கூகுளுக்குச் சேரும் பயனர் தரவு போட்டித் தேடுபொறி பிங்குக்குச் சேர 17 ஆண்டுக்கு மேல் ஆகும்.

கிரிக்கெட் ஸ்கோரை எந்தத் தேடுபொறியும் சொல்லும். பழைய பம்ப்செட்டுக்கு வாஷர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். யாரோ முன்பே கேட்டிருக்க வேண்டும், எதையோ கிளிக் செய்திருக்க வேண்டும்.

2025 செப்டம்பர்: அந்தத் தரவில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிர உத்தரவு. பகிர்ந்தால் போட்டி வரும். என் தேடல் இன்னொரு கைக்கும் போகும். இரண்டும் உண்மை. இந்த இடத்தில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

உடல்நலக் கைப்பட்டை நிறுவனமான ஃபிட்பிட்டை கூகுள் வாங்க 2020 டிசம்பரில் ஐரோப்பா அனுமதித்தது. நிபந்தனை: ஐரோப்பியர்களின் உடல்நலத் தரவை 10 ஆண்டு விளம்பரத்துக்குத் தொடக்கூடாது.

நாடித்துடிப்புக்குக் கெடு.

2024 செப்டம்பர் முதல் இந்தியாவில் புது வரம்பு. பேரம் 2,000 கோடி ரூபாயைத் தாண்டி, இங்கே கணிசமான தொழிலும் இருந்தால், விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும் ஆணையத்திடம் வர வேண்டும்.

2024 நவம்பர், 2021 விசாரணையின் முடிவு: மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம். கூடவே, விளம்பரத்துக்காக மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு வாட்ஸ்அப் தரவைப் பகிர ஐந்தாண்டுத் தடை.

மெட்டாவின் அந்த ஆண்டு வருமானம் 16,400 கோடி டாலருக்கு மேல்.

2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டது, தடையை எடுத்துவிட்டது. இரண்டில் ஒன்றுதான் நிற்கும் என்றால், நான் தடையைத்தான் நிறுத்தியிருப்பேன்.