உலைக்கு வாடகை

அந்த உலையை யாரும் அணைப்பதில்லை. ஞாயிறும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. உள்ளே மூசையில் கிடக்கும் கண்ணாடி இரவு பகலாக ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸில் இளகியபடியே இருக்க வேண்டும். குளிரவிட்டால் மூசை விரிசல் விடும். மறுபடி மூட்டிக் கண்ணாடியைப் பதத்துக்குக் கொண்டுவர நாள் கணக்காகும். அதனால் கூடத்தில் ஆளே இல்லாத நேரத்திலும் கேஸ் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

சியாட்டில் நகரின் தெற்கே, கிடங்குகளும் லாரி ஷெட்டுகளும் வரிசையாக நிற்கும் தெருவில் இருக்கிறது இந்தக் கூடம். நான் பார்க்கப் போயிருந்த கலைஞர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை. தானே செய்து தன் பெயரில் விற்கிறார். ஆனால் உலை அவருடையதல்ல. வாரத்தில் சில மணி நேரம் வாடகைக்கு எடுக்கிறார். முன்பு வீட்டுக்குப் பின்னால் கார் ஷெட்டில் சொந்தமாகச் சின்ன உலை ஒன்று வைத்திருந்தாராம். “தூங்கும்போதும் அது செலவு வைத்தது. ஒரு வாரம் ஊருக்குப் போக முடியவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த மாதிரிதான்” என்றார்.

கண்ணாடி ஊதுபவர்கள் இந்த ஊரில் இவ்வளவு பேர் இருப்பதற்குக் காரணம் பக்கத்து ஊரான டகோமாவில் 1941இல் பிறந்த கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி. அவர் 1971இல் சியாட்டிலுக்கு வடக்கே காட்டுக்குள் தொடங்கிய பில்சக் கண்ணாடிப் பள்ளிக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் இருக்கும் நம்மூர் சாஃப்ட்வேர்க்காரர்கள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஸ்பேஸ் நீடில் கோபுரத்தைக் காட்டிவிட்டு அடுத்த வாசலில் சிஹூலி கண்ணாடித் தோட்டத்துக்கும் கூட்டிப்போகிறார்கள். அங்கே கூரையிலிருந்து தொங்குவதையெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்களில் நானும் ஒருவன்.

கலைஞன் தன் உலையில் தானே கண்ணாடி ஊதலாம் என்ற எண்ணமே புதிது. அறுபதுகளுக்கு முன் கண்ணாடி ஊதுவது பெரும்பாலும் ஆலைத் தொழில். ஃபிரோசாபாத் வளையல் போல: உலை முதலாளியுடையது, கை கூலிக்காரருடையது, வடிவம் வேறு யாரோ சொன்னது. 1962 மார்ச்சில் ஹார்வி லிட்டில்டன் என்ற மண்பாண்டக் கலைப் பேராசிரியர், ஒஹையோ மாநிலத்து டொலீடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் ஒரு கார் ஷெட்டில் சின்ன உலை கட்டிப் பார்த்தார். முதலில் உருக்கிய கண்ணாடி ஊத வரவில்லை. டொமினிக் லபீனோ என்ற தொழிற்சாலை ஆராய்ச்சியாளர், கண்ணாடி இழை செய்யப் பயன்படும் கோலிகளைக் கொடுத்து உதவினார். அவை உருகி வேலைக்கு ஆயின. ஆனால் ஊதத் தெரிந்தவர் வேண்டுமே? லிபி கண்ணாடி ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்க்ரீன் வந்து ஊதிக் காட்டினார். ஆலையை விட்டு வெளியேறிய கலைக்குத் தொடக்கத்திலேயே ஆலைக்காரரின் கை தேவைப்பட்டது. ‘தனிக் கலைஞர்’ என்ற பேச்சை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது இதனால்தான்.

நான் கூடத்துக்குப் போன அன்றைக்கு ஒரு பெரிய ஜாடி. மூன்று பேர் வேலை: நான் பார்க்கப் போன கலைஞர், உதவிக்கு ஓர் இளைஞன், உலைக் கதவு திறந்து மூட இன்னொரு பெண். நாலடிக்கு மேல் நீளமான எஃகுக் குழாயின் முனையைப் பழுக்கக் காய்ச்சி, உலைக்குள் விட்டுச் சுழற்றினார். கண்ணாடி சுற்றிக்கொண்டு வந்தது. அந்த நொடியிலிருந்து முடியும்வரை குழாய் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும்; கை நின்றால் உருண்டை ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பெஞ்சில் உட்கார்ந்து இடது உள்ளங்கையால் குழாயை உருட்டினார். வலது கையில் தண்ணீரில் ஊறிய செய்தித்தாள், பல மடிப்பு மடித்தது. கையுறை கிடையாது. வெறும் காகிதத்தை ஏந்தி, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் உருண்டையைத் தடவி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஆவி எழும்பியது, கருகிய தாள் வாசனை கூடமெங்கும். வழவழப்பான வண்ணத்தாள் ஆகாதாம். வீட்டுக்குப் பேப்பர் வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டதால் இதற்கும் நாலு பேரிடம் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது என்றார்.

ஊதியவர் அவரல்ல என்பதுதான் எனக்கு வியப்பு. அவர் பெஞ்சில் இருக்க, குழாயின் மறுமுனையில் இளைஞன் மண்டியிட்டு வாய் வைத்திருந்தான். “ப்ளோ” என்றார் மெல்ல. கன்னம் உப்பக்கூட இல்லை. உருண்டைக்குள் ஒரு குமிழி விரிந்தது. “ஸ்டாப்.” ஆறத் தொடங்கினால் எழுந்துபோய், மீண்டும் சூடேற்றும் பீப்பாய் உலையின் வாயில் காட்டிவிட்டு வருவார். நெருப்போடு வேலை என்றால் வீரசாகசம் என்று நாம் பேசுவோம்; இங்கே எல்லாரும் நேரத்தையும் சூட்டையும் எண்ணிக்கொண்டு அமைதியாக நடந்தார்கள்.

ஆபத்தான கட்டம் கைமாற்றம். ஜாடியின் அடியில் சிறு கண்ணாடிப் பொட்டு வைத்த இன்னொரு கம்பியை ஒட்டினார்கள். இடுக்கியால் முன்பே நெரித்துவைத்த கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். குழாயின் மேல் ஒரு தட்டு. டக்கென்று விட்டது. இப்போது முழு எடையும் அந்தப் பொட்டில். விழாமல் நின்றது. விழுந்திருந்தால் மூன்று பேர் கூலியும் இரண்டு மணி நேர வாடகையும் தரையில். பிறகு வாயை விரித்து, கம்பியிலிருந்து தட்டிவிட்டு, கனத்த கையுறை போட்ட பெண் ஏந்திக்கொண்டு போய் 500 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே வைத்திருந்த அடுப்பில் அடைத்தாள். அங்கே இரவெல்லாம் மெதுவாக ஆற வேண்டும். திடீரென ஆறினால் என்னாகும் என்பதை மூலையில் இருந்த பீப்பாய் சொல்லிக்கொண்டிருந்தது: குழாயில் ஒட்டிய மிச்சங்களைத் தட்டிக் கொட்டியிருந்தார்கள், அவை படார் படாரென்று வெடித்தபடி இருந்தன.

அந்த இளைஞனுக்குக் கூலி உண்டா? பாதிக்குப் பணம், மீதிக்குக் கடன் கணக்கு: வியாழக்கிழமை அவன் வேலைக்கு இவர் மண்டியிட்டு ஊதுவார். இந்த ஊரில் பலர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். இதில் அவமானம் ஒன்றுமில்லை. சிஹூலியே 1968இல் வெனிஸில் வெனீனி ஆலைக்குப் போய்க் கற்றுவந்தது குழுவாக வேலை செய்வதைத்தான். 1976இல் கார் விபத்தில் ஒரு கண் போனது, 1979இல் தோள் விலகியது. அதன்பின் ஊதுவதைப் பிறரிடம் விட்டுவிட்டு வரைந்து காட்டுவதோடு நின்றார். பெயர் ஒருவருடையது, மூச்சு பலருடையது.

ஜாடி விற்றால் காலரி பொதுவாகப் பாதி எடுத்துக்கொள்ளும். மீதியில் வாடகை, உதவியாளர், ஜெர்மனியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வரும் வண்ணக் கட்டிகள். வண்ணமும் நிறமற்ற கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிந்து சுருங்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் விற்றுப்போன பிறகு வாங்கியவர் வீட்டு அலமாரியில் இருந்தபடி விரிசல் விடும். அப்படி ஒருமுறை திரும்பி வந்ததாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்படியென்றால் சாப்பாடு? பூசணிக்காய். இலையுதிர்காலத்தில் அமெரிக்கர்கள் கண்ணாடிப் பூசணி வாங்குகிறார்கள். எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கண்ணாடிக்கூடமே ஆண்டுதோறும் பூசணி விற்றுத்தான் செலவைத் தேற்றுகிறது. உருண்டையை வரி வரியான அச்சில் ஒரு முறை இறக்கி எடுத்து ஊதினால் பள்ளமும் மேடும் தானாக வந்துவிடும். கம்பி மாற்றும் கண்டமும் இல்லை: குழாயிலிருந்து தட்டிவிட்ட ஓட்டையின் மேலேயே ஒரு சூடான பொட்டை இழுத்து விட்டுக் காம்பாகச் சுருட்டிவிடலாம். ஒவ்வொரு காம்பும் ஒரு மாதிரி வளைந்தது. சொன்னால் கோபித்துக்கொள்வார், அவர் பெருமையாகக் காட்டிய ஜாடிகளைவிட எனக்கு அந்தக் காம்புகள்தாம் பிடித்திருந்தன. ஜாடிகளில் யோசனை தெரிந்தது. காம்பில் கை தெரிந்தது.

மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். இருபது ஆண்டு சுழற்றிய கை. மருத்துவக் காப்பீடு சொந்தக் காசில். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார்.

அடுத்து என்ன என்றேன். “வெள்ளைப் பூசணி. இப்போது எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்.” எங்கள் ஊரில் வெள்ளைப் பூசணியைக் கண் திருஷ்டிக்குக் கடை வாசலில் கட்டித் தொங்கவிடுவோம், ஆயுத பூஜையன்று தெருவில் போட்டு உடைப்போம் என்றேன். குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“உடைத்த பிறகு, அடுத்த வருஷம் மறுபடி வாங்குவார்களா?”

“கட்டாயம்.”

“எல்லாக் கடைக்காரர்களுமா?”

“ஏறக்குறைய.”

உதவிப் பையனைப் பார்த்துச் சொன்னார்: “நாம் தப்பான ஊரில் கடை போட்டிருக்கிறோம்.”