பிரேக் அடிச்சா மட்டும் ஆடுற கார்

1/
வழக்கமா சுகர், பிரஷர்னு எழுதுற ஆள் இன்னைக்கு கார் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். கார் பிடிக்காதவங்களும் கடைசி வரைக்கும் வாங்க. 17-வது பதிவுல உங்களுக்கும் வேலை இருக்கு.

2/
நான் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல, வேகவதி ஆத்தங்கரை ஊர். ஜினகாஞ்சின்னு பழைய பேர். மகாவீரர் கோயில் மண்டப விதானத்துல இருக்கிற ஓவியங்களைப் பார்க்க வெளியூர்ல இருந்து ஆள் வருவாங்க. என் கிளினிக்குக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் தறிக்காரங்க. அவங்கள்ல ஒருத்தர் இந்தக் கதையில வருவார்.

3/
என் அக்கா பையன் மெக்கானிக்கல் படிச்சவன். ரெண்டு வருஷமா எங்க வீட்டுக் கொட்டகையில ஒரு கார் கட்டினான். இரும்புச் சதுரக் குழாயை வெட்டி, வெல்டு பண்ணி, அவனே செஞ்ச சேசிஸ். ஸ்க்ராப்புக்குப் போன ஒரு மாருதி 800-ல இருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், முன்பக்க சஸ்பென்ஷன், பிரேக் எல்லாத்தையும் எடுத்து மாட்டினான். ரெண்டு சீட், கூரை கிடையாது. வெளிநாட்டுல இதை கிட் கார்னு சொல்லுவாங்க. 1957-ல வந்த லோட்டஸ் செவன் இந்த வகைக்குப் பாட்டன் மாதிரி. பெட்டியில பாகமா வாங்கி வீட்டுலயே பூட்டிக்கலாம்.

4/
"நம்மூர்ல இதெல்லாம் யாரு பண்றா"ன்னு நினைக்காதீங்க. கோயம்புத்தூர் கரிவரதன் 1980-களின் கடைசியிலயே மாருதி 800 இன்ஜினை வெச்சு ஒத்தை சீட் ரேஸ் கார் கட்டினவர். ஃபார்முலா மாருதின்னு பேர். நரேன் கார்த்திகேயன் ரேஸுக்குள்ள வந்ததே அந்தக் கார்லதான். மாருதி பாகத்தை வெச்சு ரேஸ் கார் கட்டுறது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்ல.

5/
சட்டத்தையும் சொல்லிடறேன். இந்த மாதிரி காரை ரோட்டுல ஓட்டக் கூடாது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாத்தின வண்டி செல்லாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. அதனால எங்க கார் வீட்டை விட்டு வெளிய போனா குட்டியானை மேல ஏறித்தான் போகும். ஓட்டிப் பார்க்கிறது, தெரிஞ்சவர் ஒருத்தர் ப்ளாட் போட்டு விக்காம வெச்சிருக்கிற லேஅவுட்டுக்குள்ள. தார் ரோடு இருக்கு, வீடு கிடையாது. கேட்டைப் பூட்டிட்டு ஓட்டுவோம்.

6/
இப்ப பிரச்சனைக்கு வரேன். கார் நல்லா ஓடிச்சு. மெதுவா பிரேக் அடிச்சா நல்லா நின்னுச்சு. ஆனா 60, 70-ல போய் பிரேக்கை அழுத்தி அடிச்சா முன்பக்கம் முழுக்க ஆட ஆரம்பிச்சுடும். ஸ்டியரிங் கையை உதறும். காலை எடுத்தா உடனே நின்னுடும்.

பார்த்தவங்க எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னாங்க. "டிஸ்க் வளைஞ்சிருக்கு சார்."

7/
சரின்னு லேத்துல கொடுத்து டிஸ்க்கை சீவினோம். ஆட்டம் போகல. இன்னொரு லேத்துல மறுபடி சீவினோம். அப்பவும் போகல. புது டிஸ்க், புது பேட் போட்டோம். வீல் பேலன்ஸ் பண்ணோம். முன் டயர் ரெண்டையும் மாத்தினோம். சுமார் 11,000 ரூபாய் போச்சு. ஆட்டம் அப்படியே இருந்துச்சு.

மூணு வாரத்துல இருங்காட்டுக்கோட்டை டிராக்ல அவன் ஓட்டுறதா இருந்துச்சு. காசும் கட்டியாச்சு. "மாமா, பிரேக்கை மெதுவா அடிச்சு சமாளிச்சுக்கறேன்"னான்.

8/
அந்த "சமாளிச்சுக்கறேன்" எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துச்சு. அதுக்குக் காரணம் கார் இல்ல. போன வருஷம் என்கிட்ட வந்த ஒரு நெசவாளர். (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரம் மட்டும் மாத்தியிருக்கேன்.)

ஐம்பது தாண்டினவர். சுகர் உண்டு. "நெஞ்சு எரியுற மாதிரி, அடைக்கிற மாதிரி இருக்கு சார்"னு வந்தார். ஈசிஜி எடுத்தேன். நார்மல். கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன்.

9/
ஒன்பதாவது நாள் விடியக்காலையில அவர் பையன் கதவைத் தட்டினான். ஹார்ட் அட்டாக். ஆஸ்பிரின் கொடுத்து, 108-ல ஏத்தி, நானும் கூடவே போனேன். ஸ்டென்ட் வெச்சாங்க. பிழைச்சுட்டார். ஆனா இதயத்தோட பம்பிங் முன்ன மாதிரி இல்ல.

ஒரு மாசம் கழிச்சு வந்தப்பதான் கேட்டேன். அந்த அடைப்பு எப்ப எப்ப வந்துச்சுன்னு. "தறியில உக்காந்தா ஒண்ணும் இருக்காது சார். காலையில தெருவுல பாவு நீட்டி இழுத்துக் கட்டுறப்ப மட்டும் வரும். கொஞ்சம் நின்னா போயிடும்."

முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உழைச்சா வருது, நின்னா போகுதுன்னா அது இதயம்னுதான் முதல்ல நினைக்கணும். எம்பிபிஎஸ் மூணாவது வருஷப் பாடம். ரொம்ப சாதாரணமா அவர் சொன்னார், "நீங்க கேக்கல, நானும் சொல்லல."

10/
அதனால காரை ஒரு பேஷண்ட் மாதிரி பார்ப்போம்னு முடிவு பண்ணேன். எந்தப் பாகத்தையும் கழட்டாம முதல்ல கேள்வி மட்டும்.

எப்ப ஆடுது? அழுத்தி அடிச்சா மட்டும்.
பிரேக் அடிக்காம 80-ல போனா? ஆடாது. அப்போ பேலன்ஸ் இல்ல.
பிரேக் பெடல் கால்ல துடிக்குதா? இல்ல. ஸ்டியரிங் மட்டும்தான்.

இந்த மூணாவது பதில் முக்கியம். டிஸ்க் ஒரு இடத்துல தடிமனாவும் ஒரு இடத்துல மெலிசாவும் இருந்தா, அது சுத்தச் சுத்த காலிப்பர் பிஸ்டனைத் தள்ளும். அந்தத் தள்ளு ஆயில் வழியா பெடலுக்கு வரும், கால்ல தெரியும். கால்ல எதுவும் இல்லாம கையில மட்டும் ஆட்டம்னா சந்தேகத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கணும்.

11/
ரெண்டாவது டெஸ்ட், செல்போன். அவன் ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங்கை ஸ்லோ மோஷன்ல வீடியோ எடுத்தேன். (ரெண்டு பேரும் ஹெல்மெட், பெல்ட். அக்கா கேட்டா சொல்லிடுங்க.)

கணக்கு ரொம்ப சுலபம். 12 இன்ச் ரிம், அந்த டயர் ஒரு சுத்துக்கு சுமார் 1.6 மீட்டர் போகும். 70 கி.மீ. வேகத்துல வீல் நொடிக்கு 12 தடவை சுத்தும். 45-ல ஏறக்குறைய 8 தடவை. கோளாறு டிஸ்க்லயோ டயர்லயோ இருந்தா ஆட்டமும் அதே மாதிரி 12-ல இருந்து 8-க்கு இறங்கணும், ஏன்னா அது வீலோட சேர்ந்து சுத்துற பொருள்.

வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமா எண்ணினேன். 70-லயும் நொடிக்கு சுமார் 9. 45-லயும் 9. வேகம் குறையுது, ஆட்டத்தோட தாளம் மாறல.

அப்போ கோளாறு சுத்துற பொருள்ல இல்ல. எங்கயோ ஒரு தளர்வான பாகம் தன் சொந்தத் தாளத்துல ஆடுது. 11,000 ரூபாயும் சுத்துற பொருளுக்கே செலவு பண்ணியிருக்கோம்.

12/
ஊர்ஜிதம் பண்ண டயல் கேஜ் வெச்சு டிஸ்க்கோட ஆட்டத்தைப் பார்த்தோம். 0.04 மி.மீ. சின்ன கார்களுக்குப் பொதுவா 0.1 பக்கத்துல வரைக்கும் விடுவாங்க. டிஸ்க் நிரபராதி.

அடுத்து ஜாக் ஸ்டாண்டுல ஏத்தி வீலை மேல கீழ, இடது வலது பிடிச்சு ஆட்டினோம். பேரிங், பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், ஸ்டியரிங் ராக் எல்லாம் கெட்டியா இருந்துச்சு. மெக்கானிக் அண்ணன், "எல்லாம் நார்மல்தான் டாக்டர் சார்"னார்.

எனக்கு அந்த ஈசிஜி ஞாபகம் வந்துச்சு. அதுவும் நார்மல்தான். படுக்க வெச்சு எடுத்தேன் இல்லையா.

13/
இங்க ஒரு சின்ன கணக்கு. ரெண்டு ஆளோட சேர்த்து வண்டி சுமார் 700 கிலோ. அழுத்தி பிரேக் அடிக்கிறப்ப, ஒவ்வொரு முன் டயரையும் ரோடு ஏறக்குறைய 200 கிலோ விசையோட பின்னாடி இழுக்கும். நாம கையால ஆட்டிப் பார்க்கிறது 20, 30 கிலோ. அதுல தெரியாதது 200-ல தெரியும். நின்ன இடத்துல காரை டெஸ்ட் பண்றது, படுத்த பேஷண்டுக்கு ஈசிஜி எடுக்கிற மாதிரி. காருக்கும் ஒரு டிரெட்மில் டெஸ்ட் வேணும்.

14/
செஞ்சது இதுதான். காரை சமதரையில இறக்கி, பின்னாடி நல்ல இடம் விட்டு நிறுத்தினோம். ஒருத்தர் உள்ள உக்காந்து பிரேக்கை முழுசா அழுத்திப் பிடிச்சார். மூணு பேர் பின்னாடி இருந்து தம் கட்டி முன்னாடி தள்ளி விட்டு, தள்ளி விட்டு ஆட்டினாங்க. நான் பக்கவாட்டுல தரையில படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். காருக்கு அடியில போகல.

வலது வீல் லேசா அசைஞ்சுது, ரப்பர் புஷ் கொடுக்கிற அளவு. இடது வீல் ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு விரல் அகலம் பின்னாடி போயிட்டு வந்துச்சு!

15/
மாருதி 800-ல முன் வீலோட கீழ் ஆர்ம் ஒத்தைக் கை மாதிரிதான். அது முன்னும் பின்னும் போகாம பிடிச்சுக்கிறது ஸ்டெபிலைசர் பார். அந்த பாரை ரெண்டு பிராக்கெட் வெச்சு பாடியில பிடிச்சிருப்பாங்க. அதாவது பிரேக் அடிக்கிற விசையில பெரும்பங்கு கடைசியா வந்து விழுறது அந்த பிராக்கெட் மேல. கம்பெனி காரில் அந்த இடத்துல தகட்டை மடிச்சு, பரப்பி, பலமா செஞ்சிருப்பாங்க.

எங்க காரில் அது பையன் அடிச்ச பிராக்கெட். மெல்லிய குழாயோட ஒரே ஒரு முகத்துல வெச்சு வெல்டு. முட்டுத் தகடு கிடையாது. டார்ச் வெளிச்சத்துல இடது பிராக்கெட் ஓரம் பெயின்ட்ல முடி மாதிரி ஒரு துருக்கோடு. மறுபடி தள்ளச் சொன்னேன். அந்தக் கோடு வாய் திறந்து மூடிச்சு.

பிரேக் அடிச்சா விரிசல் திறக்கும், வீல் பின்னாடி போகும், சக்கரத்தோட கோணம் மாறி டயர் ஒரு பக்கம் இழுக்கும், ரப்பரும் இரும்பும் திருப்பித் தள்ளும், மறுபடி போகும். நொடிக்கு 9 தடவை. காலை எடுத்தா மூடிக்கும். ஜாக்கியில ஏத்தினா சமத்தா இருக்கும்.

யாரும் பேசல. இன்னும் எத்தனை பிரேக்குக்கு அது தாங்கியிருக்கும்னு எல்லாரும் மனசுல எண்ணிட்டிருந்தோம். டிராக்ல நேர்கோட்டு ரோடு முடியுற இடத்துல, முழு வேகத்துல இருந்து பிரேக் அடிக்கிறப்ப அது விட்டிருந்தா ஒரு வீல் ஒரு பக்கம் திரும்பிக்கும். கூரை இல்லாத கார் அது.

16/
"விரிசல் மேலயே ஒரு வெல்டு அடிச்சா போதும் சார்"னு ஒரு யோசனை வந்துச்சு. வேணாம்னுட்டோம். விரிசல் வந்தது வெல்டு மோசம்ங்கிறதால மட்டும் இல்ல, விசை ஒரே இடத்துல குவியுதுங்கிறதால. அந்தத் துண்டையே வெட்டி எடுத்து, தடிமனான தகட்டை குழாயோட ரெண்டு முகத்துலயும் சுத்தி மடிச்சுப் போட்டு, முக்கோண முட்டு வெச்சு, கை தேர்ந்த வெல்டர் ஒருத்தரை வெச்சு அடிச்சோம். புஷ் புதுசு. அலைன்மென்ட் மறுபடி.

வலது பக்கத்துக்கு சிவப்பு டை அடிச்சு, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் தெளிச்சுப் பார்த்தோம். அங்கயும் அரை சென்டிமீட்டருக்கு மெல்லிசா ஒரு சிவப்புக் கோடு தெரிஞ்சுது. அதையும் வெட்டி மாத்தினோம். டிராக் தேதியை விட்டுட்டோம், கட்டின காசு போச்சு. அடுத்த மாசம் லேஅவுட்ல 70-ல இருந்து முப்பது தடவை அழுத்தி பிரேக் அடிச்சான். ஆட்டமே இல்ல. அதுக்கப்புறம் மறுபடி டார்ச் அடிச்சுப் பார்த்தோம். இப்பவும் ஒவ்வொரு தடவை ஓட்டினதும் பார்க்கிறோம்.

17/
உங்க காருக்கு:
• 80, 100-ல பிரேக் அடிக்காமலே ஸ்டியரிங் ஆடினா முதல்ல பேலன்ஸ், டயர் பாருங்க.
• பிரேக் அடிக்கிறப்ப பெடலும் துடிச்சா டிஸ்க், ஹப் முகத்துல துரு, வீல் நட்டை ஏறுக்குமாறா இறுக்கினது. (ஏபிஎஸ் வண்டியில அவசர பிரேக்ல பெடல் துடிக்கிறது சகஜம், பயப்படாதீங்க.)
• பெடல் அமைதி, கை மட்டும் ஆட்டம்னா கீழ் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், மவுன்ட் பாருங்க.
• டிஸ்க் சீவியும் ஆட்டம் போகலைன்னா மறுபடி சீவாதீங்க. மறுபடி கேள்வி கேளுங்க.

உங்க உடம்புக்கு:
• நடந்தா, மாடி ஏறினா, பாரம் இழுத்தா நெஞ்சு, தாடை, இடது கை, தொண்டையில அடைப்பு வந்து, நின்னா போகுதா? ஈசிஜி நார்மல்னாலும் விடாதீங்க. "எப்ப வருது"ன்னு டாக்டர் கேக்கலைன்னா நீங்களே சொல்லுங்க.
• சுகர் இருக்கிறவங்களுக்கு வலியே இல்லாம மூச்சு வாங்கல், அசதியா மட்டும் வரலாம்.
• உட்கார்ந்திருக்கும்போதே அடைப்பு வந்து நிக்கலைன்னா 108. டிரெட்மில் டெஸ்ட் ஆஸ்பத்திரியில டாக்டர் முன்னாடிதான். வீட்டு மாடிப்படியில நீங்களே டெஸ்ட் பண்ணிப் பார்க்காதீங்க.

18/
அந்த நெசவாளர் இப்பவும் என்கிட்டதான் வர்றார். பாவு நீட்டுறது பையன், தறியில மட்டும் இவர். போன வாரம் பிரஷர் பார்க்க வந்தவர், கொட்டகையில நிக்கிற காரைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். விரிசல் கதையைச் சொன்னேன். பழைய பிராக்கெட்டை மேசையில வெச்சிருக்கேன், அதையும் கையில கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதை யாரு சார் கேட்டு கண்டுபிடிச்சாங்க?"ன்னார்.

"நான்தான்"னேன்.

"பரவால்ல சார், இப்பல்லாம் கேக்கறீங்க"ன்னு சிரிச்சுட்டு, கையை நீட்டினார். பிரஷர் பார்த்தேன். 130/80.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. கார் சந்தேகத்துக்கு அக்கா பையன் பதில் சொல்லுவான்.