ஒரு கரண்டி மணல், ஒரு நீல இழை... மண்டபத்தில் இரண்டு மாதம்!

காலை ஆறு மணிக்கு மண்டபம் தென்கடற்கரையில் ஒரு கல்லூரி மாணவி மண்டியிட்டு மணலைச் சுரண்டிக்கொண்டிருந்தால், பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான். பாவம், எதையோ தொலைத்துவிட்டாள். கம்மலா, மோதிரமா என்று கேட்டபடி கூடவே உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டார் கருவாடு விற்கும் அக்கா ஒருவர்.

"கம்மல் இல்லக்கா. பிளாஸ்டிக் தேடுறேன்."

"அதை ஏந்தாயி தேடுற? அங்கன பாரு, குவியல் குவியலாக் கெடக்கு!"

அவர் கை காட்டிய இடத்தில் அறுந்த வலைத் துண்டுகள், தண்ணீர் பாட்டில்கள், ஒற்றைச் செருப்புகள், தெர்மாகோல் துண்டுகள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மாணவி தேடிக்கொண்டிருந்தது அந்தக் குவியலின் பேரப்பிள்ளைகளை. வெயிலிலும் அலையிலும் உடைந்து உடைந்து, 5 மில்லிமீட்டருக்கும் சிறிதாகிப்போன துணுக்குகளை. நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். 2004-ல் ரிச்சர்ட் தாம்சன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி தன் ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்திய பிறகுதான் 'மைக்ரோபிளாஸ்டிக்' என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது. அந்தச் சொல்லுக்கு ஏறக்குறைய இந்த மாணவியின் வயதுதான்.

மதுரைப் பக்கம் விலங்கியல் முதுகலை படிப்பவர். கோடை விடுமுறையில் இரண்டு மாதப் பயிற்சிக்காக மண்டபத்துக்கு வந்திருக்கிறார். கடல் ஆராய்ச்சி என்றதும் மனதில் ஓடியது முதுகில் சிலிண்டர், கண்ணில் கண்ணாடி, சுற்றிலும் வண்ண மீன்கள். கையில் கிடைத்தது ஒரு எவர்சில்வர் கரண்டி.

மண்டபம் விசித்திரமான ஊர். தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா, வடக்கே நடந்தால் பாக் விரிகுடா. நடுவில் ஒரு நாக்குபோல நீளும் நிலம். பொங்குகிற தென்கடலை ஆண் கடல் என்றும், அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும் சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். காற்று திசை மாறினால் குணமும் மாறிவிடும் என்று சிரிக்கிறார்கள் மீனவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைத் தங்கவைத்துப் பரிசோதித்து அனுப்பிய முகாம் இருந்ததால்தான் 'மண்டபம் கேம்ப்' என்ற பெயர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கப்பட்டு, 1949-ல் இங்கேதான் வந்து சேர்ந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டாலும் மண்டல நிலையம் இங்கே நிலைத்துவிட்டது. மீன் படிக்கிற பிள்ளைகள் ரயிலில் வந்து இறங்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

மாணவியின் வேலை எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. அலை கடைசியாக வந்து திரும்பிய இடத்தில் பாசியும் சிப்பியும் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல் அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைக்க வேண்டும். மேல் மணலைக் கரண்டியால் அள்ளிக் கண்ணாடி ஜாடியில் போட வேண்டும். பிளாஸ்டிக் டப்பா கூடாது, பிளாஸ்டிக் பை கூடாது. பிளாஸ்டிக்கைத் தேடப் போகும்போது பிளாஸ்டிக்கைக் கொண்டுபோகக் கூடாது என்பது முதல் பாடம்.

ஆய்வுக்கூடத்தில் மணலைக் காயவைத்து, சலித்து, கெட்டியான உப்புக் கரைசலில் கொட்டிக் கலக்குகிறார்கள். மணல் கனமானது, அடியில் போகும். பை, பாட்டில் மூடி, கயிறு போன்றவற்றிலிருந்து வந்த துணுக்குகள் லேசானவை, மேலே மிதக்கும். ஊறுகாய் போட உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் பாட்டிகளின் கணக்குதான் இது. ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் மிதந்துவிடாது. பாட்டில் செய்யும் பெட், குழாய் செய்யும் பிவிசி இரண்டும் இந்த உப்புக்கு மசியாமல் மூழ்கிவிடும்; அவற்றுக்கு இன்னும் கனமான, விலை கூடிய கரைசல் வேண்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடல் உப்பிலேயே நுண்பிளாஸ்டிக் இருப்பதால், கரைசலை முதலில் வடிகட்டிவிட்டுத்தான் மணலைக் கொட்ட வேண்டும்.

மூன்றாவது வாரத்தில்தான் அந்த நீல இழை வந்தது.

வடிகட்டிய தாளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் முடியைவிட மெல்லிய நீல நூல்கள். அடுத்த தாளிலும் நீலம். அதற்கடுத்ததிலும். பத்து மாதிரிகளில் ஒரே நீலம். பெரிய கண்டுபிடிப்பு என்று மாணவிக்குக் கைகால் ஓடவில்லை. வழிகாட்டி விஞ்ஞானி ஒன்றும் சொல்லாமல், நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருந்த வெறும் ஈரத் தாளை எடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னார். மணல் படாத, கடலைப் பார்க்காத தாள் அது. காற்றில் என்ன விழுகிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே வைப்பது. அதிலும் அதே நீலம்.

மாணவியின் துப்பட்டா நீலம். பாலியஸ்டர்.

துப்பட்டாவும் துணுக்கும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு பத்து மாதிரிகளின் கணக்கையும் அடித்துவிட்டு, திரும்பவும் கடற்கரையிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. அன்றைக்கு இரவு விடுதியில் அழுகை, அம்மாவுக்கு போன், ஊருக்கு வந்துவிடவா என்ற கேள்வி எல்லாம் நடந்தன. மறுநாள் காலை பருத்திச் சட்டையும் பருத்தி மேலங்கியுமாகக் கரண்டியோடு கிளம்பியதும் நடந்தது. இந்தத் துறையில் வெளியாகும் எண்கள் பலவற்றின் பின்னாலும் இப்படிக் குப்பையில் போன எண்கள் இருக்கும். அவற்றைத் தூக்கிப்போடத் துணிவதுதான் பயிற்சியின் கடினமான பகுதி என்று தோன்றுகிறது.

அதே நேரம் கடலுக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் பூவரசன்பட்டி, விளாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் மூழ்கியே போய்விட்டன. பாறை வெட்டுவது நின்றது, வெயில் நிற்கவில்லை. கடல் நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால், பவளத்துக்குள் குடியிருந்து உணவு சமைத்துத் தரும் நுண்பாசிகள் வெளியேறிவிடுகின்றன. நிறமும் போய்விடும், சோறும் போய்விடும். வெளுத்துப்போவது என்று இதைத்தான் சொல்கிறார்கள். 2016 கோடையில் மட்டும் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவிகிதத்திலிருந்து 22.7 ஆகக் குறைந்தது.

தீவுகளுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். முக்குளிக்கப் பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் நீருக்கடியில் 20 மீட்டர் நாடாவை விரித்துப் படமெடுத்து வருவார்கள். கரையில் உட்கார்ந்து அந்தப் படங்களில் வெளுத்த பவளம் எத்தனை, பழுப்பு எத்தனை என்று எண்ணுவது மாணவியின் மாலை நேர வேலை. சில படங்களில் பவளக் கிளைகளின் மேல் பச்சை நைலான் வலை போர்த்தியிருக்கும். காலையில் மணலில் கிடைத்த அதே பச்சை.

இரண்டு கணக்கும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. சமையற்காரர் ஓடிப்போன வீடுபோல, வெளுத்த பவளங்களில் சில இனங்கள் மிதந்து வருவதைப் பிடித்துத் தின்றுதான் உயிர் பிழைக்கின்றன. 2017-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பவளங்களுக்கு மணலையும் பிளாஸ்டிக் துணுக்கையும் கொடுத்துப் பார்த்தார்கள். மணலைப் பெரும்பாலும் துப்பிவிட்டன, பிளாஸ்டிக்கை விழுங்கின. பிளாஸ்டிக்கில் உள்ள ஏதோ ரசாயனம் அவற்றுக்கு ருசிக்கிறது என்பது அவர்கள் முடிவு. பசியில் இருப்பவனிடம் போய்ப் பொய்ச் சோற்றை நீட்டுவது போலத்தான் இது.

மே மாதக் கடைசியில் மீன் குடல்களைப் பார்க்கும் வேலை வந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில், நாட்டுப்படகு மீன்தான். சாளை வாங்கப்போன இடத்தில் அதே கருவாட்டு அக்கா.

"எதுக்கு தாயி குடலை அறுத்துப் பாக்குற?"

சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "மீனுல பிளாஸ்டிக்குன்னு நீ எழுதிப்புட்டா, நாளைக்கு எங்க மீனை யாரு வாங்குவா? கடல்ல குப்பை போட்டவன் எவனோ, கஞ்சி இல்லாமப் போறது நாங்களா?"

பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. பெரிய மீனில் துணுக்குகள் பெரும்பாலும் குடலில்தான் கிடைக்கின்றன, கழுவும்போது குடல் போய்விடும் என்று மாணவி தெரிந்ததைச் சொன்னார். அக்கா விடவில்லை. "அப்ப நெத்திலி? அதுல யாரு குடலை எடுக்குறா?"

சரியான கேள்வி. பொடி நெத்திலியை முழுசாகத்தான் காயவைக்கிறார்கள், முழுசாகத்தான் வறுத்துத் தின்கிறார்கள். தின்றால் உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்பது விஞ்ஞானிகளே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிற விஷயம். மாணவி பேசாமல் நின்றார். அடுத்த நாள் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கேள்வியை அப்படியே வழிகாட்டியிடம் கொண்டுபோனார். எண்ணை மறைக்கவும் கூடாது, எண்ணை மட்டும் எழுதவும் கூடாது என்றார் அவர். எந்த இடத்து மீன், எந்தப் பாகம், துணுக்கு எந்த வகை, வலையா பையா துணியா என்பதையெல்லாம் சேர்த்து எழுதச் சொன்னார். அறிக்கையின் அந்தப் பக்கத்தை மாணவி நான்கு முறை திருத்தினார்.

கிளம்புகிற நாளில் அக்கா ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டார். செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம். அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு.

"பாதியை அம்மாகிட்ட குடு. பாதியை உன் கண்ணாடியில வச்சுப் பாரு. எது இருந்தாலும் எனக்கு முதல்ல போன் போட்டுச் சொல்லணும், ஆமா!"

மாணவி பையிலிருந்து பென்சிலை எடுத்து, பொட்டலத்தின் மேல் தேதியையும் ஊரையும் எழுதிக்கொண்டார். யார் கொடுத்தது என்ற இடத்தில், அக்காவிடம் கேட்டு, அவர் பெயரையும்.