உஸ்ஸுன்னு ஒரு சத்தம்

காலங்காத்தால டிராக்டர் ஸ்டார்ட் ஆகலைன்னா எங்க வீட்ல யாருக்கும் காபி இறங்காது. 1994ல அப்பா வாங்கின மூணு சிலிண்டர் வண்டி. போன தை மாசம் செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரிதான் செத்துச்சு. தள்ளிக் கிளப்பினா ஒரே வெள்ளைப் புகை, நொண்டியடிக்கிற மாதிரி ஓட்டம்.

வந்து பாத்தவங்க எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு: "ரிங் போச்சு. ஸ்லீவ், பிஸ்டன் எல்லாம் மாத்தணும்." செலவுக் கணக்கைக் கேட்டுட்டு அப்பா ஒண்ணுமே பேசலை. மறுநாள் திண்ணையில தரகர் உக்காந்திருந்தார்!

நல்லவேளை, அன்னிக்குன்னு பார்த்து பழைய மெக்கானிக் அண்ணன் வந்தார். "மாமா, விக்கிறது இருக்கட்டும். முதல்ல கம்ப்ரஷன் பாத்துருவோம்"னார்.

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காத்தை ஏறக்குறைய பதினாறு, பதினெட்டுல ஒரு பங்கா நசுக்கும். அந்தச் சூட்லதான் டீசல் பத்திக்கும். காத்து கசிஞ்சா சூடு பத்தாது. எரியாத டீசல்தான் வெள்ளைப் புகையா வெளிய வருது.

முதல்ல டேப்பட் இடைவெளியைப் பார்த்தார். அது சரியில்லைன்னா மத்த கணக்கெல்லாம் தப்பாப் போயிருமாம். வண்டியை ஓடவிட்டு சூடாக்கி, மூணு நாசிலையும் கழட்டினார். ஏர் ஃபில்டரையும் எடுத்தாச்சு. டீசல் வராம ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டிட்டு, நாசில் ஓட்டையில கேஜை மாட்டினார். சார்ஜ் ஏத்தின பேட்டரியில நான் செல்ஃப் அடிச்சேன். ஒண்ணாவது சிலிண்டர் 380 பவுண்டு, மூணாவது 370. ரெண்டாவது... 240!

அப்பா முகத்தைப் பாக்க முடியலை.

அண்ணன் ரெண்டாவதுல ஒரே ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டார். (அதிகமா விடக்கூடாது, டீசல் இன்ஜின்ல மேல இடம் ரொம்பக் கம்மி. ஆயில் நசுங்காது, ராடு வளைஞ்சுரும்.) ரிங் தேய்ஞ்சிருந்தா ஆயில் சந்தை அடைச்சு முள்ளு நல்லா ஏறணும். திரும்ப அடிச்சேன். 250தான்.

"ரிங் இல்ல மாமா, வால்வு" அப்படின்னார். அதோட விடலை. அந்த பிஸ்டனை மேல நிறுத்தி, ரெண்டு வால்வும் மூடியிருக்கும்போது கம்ப்ரஸர் காத்தை உள்ள விட்டார். "தம்பி, சைலன்ஸர்ல காதை வையி"ன்னார். வச்சேன். உஸ்ஸுன்னு பாம்பு மாதிரி சத்தம். எக்ஸாஸ்ட் வால்வு!

ஹெட்டை மட்டும் கழட்டி, கருகிப்போன ஒரு வால்வை மாத்தி, மத்ததை கிரைண்டிங் பண்ணி, புது கேஸ்கெட் போட்டோம். ஸ்லீவ், பிஸ்டன் பக்கம் கையே வைக்கலை. நாலாம் நாள் காலையில அரை செல்ஃப்ல கிளம்பிருச்சு.

எனக்கு இன்னும் உறுத்துறது ஒண்ணுதான். தீர்ப்பு சொன்ன அத்தனை பேர்ல ஒருத்தர்கூட அளந்து பார்க்கலை. நானும்தான். வயசாச்சுன்னாலே எல்லாம் போச்சுன்னு நாமளே முடிவு கட்டிடறோம்.

தரகருக்கு அப்பா டீ மட்டும் வாங்கிக் குடுத்து அனுப்பிட்டார் :-)