இரைச்சலும் ஒரு முதியவரின் விரல்களும்

இரைச்சலைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ளாத ஹாம் வானொலிக்காரர் அபூர்வம். அதில் பெரும்பகுதி வானத்திலிருந்து வருவதல்ல, சொந்த வீட்டுக் கம்பிகளிலிருந்தே வருவது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. கணவன் மனைவி இருவருமே உரிமம் பெற்ற எங்கள் வீட்டில் இந்த விவகாரம் ஒரு முதியவரின் பொருட்டு அவசரமானது.

எங்களுக்கு மோர்ஸ் கற்றுத்தந்தவர் அவர். எண்பதைக் கடந்தவர். முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து, தினமும் காலையில் 7 மெகாஹெர்ட்ஸில், வெறும் 5 வாட் சக்தியில் எங்களை அழைப்பார். சில மாதங்களாக அவருடைய புள்ளிகளும் கோடுகளும் அமிழ்ந்துகொண்டே வந்தன. அவர் மெலிகிறாரா, எங்கள் இரைச்சல் பெருகுகிறதா?

வானொலியைக் கார் பேட்டரியில் இணைத்துவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தோம். இன்வெர்ட்டரையும்தான். மீட்டர் முள் எஸ்7லிருந்து எஸ்2க்கு இறங்கியது. ஒரு படிக்கு 6 டெசிபெல் என்பது மரபுக் கணக்கு. அப்படியானால் ஐந்து படிக்கு ஆற்றலில் ஆயிரம் மடங்கு. பெருகியது இரைச்சல்தான்.

ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்ததில் முதலில் பிடிபட்டது இணைய மோடத்தின் அடாப்டர். மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருவது அதன் வேலை. அந்த வெட்டின் எதிரொலிகள் மெகாஹெர்ட்ஸ் வரை ஏறிப்போகும். 40 மீட்டர் அலைநீளத்துக்கு முன்னால் தீப்பெட்டி அளவுள்ள அடாப்டர் தானாக எதையும் பெரிதாக வீசிவிட முடியாது. ஆனால் மோடத்திலிருந்து மாடியறைக்குப் போகும் பத்து மீட்டர் கேபிள் கால் அலைநீளம், நல்ல ஆண்டெனா. கேபிளுக்குள் இருக்கும் எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம்தான் இங்கே வில்லன். போய்த் திரும்பும் ஓட்டங்கள் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. இதற்கு அந்த இணை இல்லை.

மருந்து ஃபெரைட் வளையம். கேபிளை அதற்குள் சுற்றினால் போய்த் திரும்பும் ஓட்டம் தடையின்றிக் கடக்கும், ஒருதிசை ஓட்டம் மட்டும் மறிக்கப்படும். சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடை ஏறுவதால், கடையில் கிடைக்கும் கவ்விகளை ஒரே சுற்றாக மாட்டித் திருப்திப்படுவது 7 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய சடங்குதான். '31' வகைப் பெரிய வளையத்தில் பன்னிரண்டு சுற்று, அதுவும் மோடத்தை ஒட்டியே. இன்னொன்றை மொட்டைமாடியில் ஆண்டெனாவின் நடுவில் தொங்கவிட்டோம். கோஆக்சியல் கேபிளின் உறையில் வெளிப்பரப்பு தனியொரு கம்பியாகவே நடந்துகொள்ளும். வீட்டு இரைச்சலை ஆண்டெனாவுக்குச் சுமந்துபோவது பல நேரங்களில் அதுதான். (பெல் ஆய்வகத்தின் கார்ல் ஜான்ஸ்கி 1930களின் தொடக்கத்தில் 20.5 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல்களை வகைபிரித்தபோது, இடியிலும் மின்னலிலும் சேராமல் எஞ்சிய சீறல் பால்வெளியிலிருந்து வந்தது. எங்களுக்குக் கிடைத்தது மோடம்.)

முள் எஸ்3ல் நின்ற மறுநாள் ஆசிரியர் தெளிவாகக் கேட்டார். சமிக்ஞை பழைய வலுவோடுதான் இருந்தது. கோடுகள்தான் சமமாக இல்லை. சில கோடுகள் நடுவில் உடைந்து இரண்டு புள்ளிகளாயின. தன் அழைப்புக்குறியையே இரண்டு முறை அழித்து அனுப்பினார். இத்தனை நாளும் இரைச்சல் மறைத்துவைத்திருந்தது அவருடைய விரல் நடுக்கத்தை.

கேட்டோம். "கை கொஞ்சம் ஆடுகிறது, வேகத்தைக் குறையுங்கள்" என்று மெதுவாகத் தட்டினார். நிமிடத்துக்கு இருபது சொல் அனுப்பிக்கொண்டிருந்த நாங்கள் இப்போது பத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்வெர்ட்டர் கம்பிக்கு இன்னும் வளையம் வாங்கவேண்டியிருக்கிறது. அவர் அனுப்பும் கடைசிச் சொற்களில் அதன் முனகல் லேசாகக் கலக்கிறது.