மொழியை மாற்றினால் பக்கம் தொலையக்கூடாது

ரயில் நேரம் தேடும் தளம் ஒன்று செய்கிறோம் என்றீர்கள், பிள்ளைகளே. நல்ல வேலை. ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கடுகண்ணாவையிலிருந்து கண்டிக்கு, நாளைக் காலை என்று ஒரு அம்மா சிங்களப் பக்கத்தில் தேடுகிறார். பட்டியல் வந்ததும் மேலே உள்ள ‘தமிழ்’ என்பதை அழுத்துகிறார். முகப்புப் பக்கம் வந்து நிற்கிறது. புறப்படும் ஊர், போகும் ஊர், திகதி ஒன்றும் இல்லை. தமிழில் வாசிக்க வேண்டுமா, மறுபடி முதலிலிருந்து தொடங்கு என்று அவரிடம் சொல்வது போலத்தான் இது. மும்மொழி நாட்டில் இப்படிச் செய்வது பெரிய அவமரியாதை.

காரணம் சின்னது: அந்தப் பொத்தானின் முகவரியை யாரோ டெம்ப்ளேட்டில் கையால் எழுதிவிட்டார்கள். இப்போது திறந்திருக்கும் முகவரியை எடுத்து, மொழியை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைக்கும் ஹெல்ப்பர் அங்கே இருக்க வேண்டும். ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தில், முகவரியில் ‘?’ குறிக்குப் பின் வரும் தகவல்களை மாற்றும் ஹெல்ப்பரை ஆளாளுக்குச் சொந்தமாக எழுதிவந்தார்கள். 2024 இல் வந்த 5.1 பதிப்பில்தான் ‘குவெரிஸ்ட்ரிங்’ டேக் கூடவே வந்தது. எதை வைப்பது என்பதோடு எதை எடுப்பது என்றும் யோசியுங்கள். திகதியை மாற்றினால் பக்க எண்ணை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று ரயில் மட்டுமே உள்ள நாளுக்கு ஐந்தாம் பக்கம் திறக்கும்.

சரங்களை ஒட்டி முகவரி செய்யாதீர்கள். தேடும் சொல்லில் ஒரு ‘&’ வந்தால் போதும், மீதிச் சொல் வேறொரு தகவலாகப் பிரிந்துவிடும். நம் எழுத்து இன்னும் கவனம் கேட்கும். ‘கடுகண்ணாவை’ என்பது யூனிகோடில் 10 குறியீடுகள். யூடிஎஃப்-8 இல் 30 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு 90 எழுத்துகள். அதை மனிதக் கை சரியாக எழுதாது. ஹெல்ப்பர் எழுதும்.

பக்கத்துக்குப் பெயர் வையுங்கள். ரெயில்ஸ் என்ற சட்டகமோ ஜாங்கோவோ அந்தப் பெயரிலிருந்து பாதையைக் கட்டித் தரும். பாதை மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஆனால் ஊரார் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்த பழைய முகவரிகளை எந்த ஹெல்ப்பராலும் திருத்த முடியாது. நம் கடுகண்ணாவைக் கணவாயில் பெரிய வீதி பாறைக்குப் பக்கத்தால் போகிறது, குடைந்த பழைய வழியும் இடிக்கப்படாமல் நிற்கிறது அல்லவா? பழைய பாதைகளையும் அப்படியே விட்டுவையுங்கள். 301 என்ற நிரந்தரத் திசைமாற்றுப் போட்டுப் புதியதற்கு அனுப்புங்கள். தளம் உயிரோடு இருக்கும் வரை அந்தத் திசைமாற்று வரிகளை அழிக்க வேண்டாம்.